கையுறையில் வெந்நீர்

சித்திகா காலையில் முதலில் கைகுலுக்குவது ஒரு ரப்பர் கையோடு. தீக்காயப் பிரிவுக்கு வெளியே, நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற சின்ன மேடையருகே நின்றுகொண்டு, மின்கெட்டிலிலிருந்து ஒரு கையுறைக்குள் வெந்நீரை ஊற்றுகிறார். ஐந்து விரல்களும் புடைத்துக்கொண்டு எழுகின்றன. வாயை முறுக்கி ஒரு முடிச்சு. பிறகு அந்தக் குண்டுக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். ஐந்து நிமிஷத்துக்கு யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் கிறிஸ்டினா, அக்கா துஆ செய்து வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்து ஒரு வாரம் அந்த இடத்தைக் கால் விரல் நுனியில் நடந்து கடந்தாராம்.

"துஆவெல்லாம் வூட்லயே முடிச்சுகினுதான் சார் வருவேன்" என்றார் சித்திகா. "லேப்ல ஏ.சி. பதினெட்டுல கீது. அங்கேர்ந்து வந்த கையோட தொட்டா அந்தப் புள்ளைங்களுக்குத் தூக்கிப்போடும். ஏற்கெனவே தோலு இல்லாம வெடவெடன்னு நடுங்கிகினு கெடக்குதுங்க. நம்ம கையாச்சும் வெதுவெதுன்னு இருக்கணும்ல?"

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மருத்துவமனை அது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தீக்காயம் பட்டவர்களின் வீட்டாருக்கு எளிய தமிழில் ஒரு கையேடு எழுதித் தரச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். பத்து நாள் வந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். முதல் நாள், முதல் கட்டில், முதல் ஊசி. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்ததுதான் தெரியும். கண் விழித்தபோது வராந்தாவில் படுத்திருந்தேன். வாயருகே ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் நீட்டப்பட்டிருந்தது.

"இன்னா சார், பெரிய எழுத்தாளர்ன்றாங்க, ரெண்டு எம்.எல். ரத்தத்துக்கே சாஞ்சுட்டீங்க? நாளையிலேர்ந்து எம் முதுகுக்குப் பின்னாடி நில்லுங்க. நான் குண்டு, ஒண்ணும் தெரியாது."

அப்படித்தான் பத்து நாளும் சித்திகாவின் முதுகுக்குப் பின்னால் நின்று இந்த உலகத்தைப் பார்த்தேன். வயது நாற்பத்தேழு. குள்ளம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. அதை மாட்டிப் பார்க்கிற சந்தர்ப்பம் குறைவு. அனகாபுத்தூரில் ஆற்றங்கரைச் சந்து ஒன்றில் வீடு. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், பல்லாவரத்திலிருந்து மின்சார ரயில். கணவர் ஜாபர் ஏ.சி. மெக்கானிக். "அவுரு ஊரைக் குளுர வெக்கறாரு, நான் கையைச் சூடு பண்ணிகினு கீறேன். கடைசில ஒண்ணுக்கொண்ணு சரியாப் பூடுது." இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுப்பதும், எடுத்ததைப் பரிசோதிப்பதும்தான் வேலை. ஆய்வகத்தில் மற்றவர்களும் இருக்கிறார்கள். தீக்காயப் பிரிவுக்கு மட்டும் இவரைத்தான் கேட்பார்கள்.

காரணம் இருக்கிறது. தீக்காயம் பட்டவர்களுக்குப் பெரும்பாலும் கையும் மார்பும்தான் முதலில் போகும். ஊசி குத்த நல்ல தோல் கிடைக்காது. புறங்காலில்தான் தேட வேண்டும். உடம்பு முழுவதும் நீர் கோத்திருக்கும்போது நரம்பு கண்ணுக்குத் தெரியாது. சித்திகா கண்ணை மூடிக்கொள்வார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதத்தின் மேல் மெல்ல நடந்து போகும்; ஓரிடத்தில் நிற்கும்; ஒரு தடவை அமுக்கிப் பார்க்கும். கண் திறப்பதற்கும் ஊசி உள்ளே போவதற்கும் இடையில் இடைவெளியே இருக்காது. இரண்டாம் தடவை குத்தி நான் பார்த்ததில்லை.

"மூஞ்சியெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காது சார். வர்றப்ப வீங்கிக் கெடக்கும், அப்பால கட்டுப் போட்டுடுவாங்க. நல்லாகிப் போறப்ப நான் எங்க பாக்கறேன்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் காலுதான். ஏழாம் பெட்டுக்கு நரம்பு கவட்டை மாதிரி பிரியும். நாலாம் பெட்டுது ஓடும், புடிச்சு வெச்சுதான் குத்தணும்."

கையைச் சூடாக்குவதற்கு இன்னொரு காரணமும் இருப்பதை மூன்றாம் நாள்தான் சொன்னார். ரத்த ஓட்டம் ஒழுங்காக இருக்கிற கால் சூடாக இருக்கும். உடம்பு தோற்கத் தொடங்கினால் முதலில் பாதம்தான் சில்லிடும். "நம்ம கை குளுந்து இருந்தா எந்தக் காலைத் தொட்டாலும் சூடாத்தான் தெரியும். ஏமாந்துடுவோம்." இதை யாருக்கும் ரிப்போர்ட்டில் எழுதித் தருவதில்லை. தனக்குள் வைத்துக்கொள்வார்.

ரிப்போர்ட்டில் எழுதுவதெல்லாம் எண்கள். இந்தப் பிரிவின் அறுவை மருத்துவர் தேவதர்ஷினிக்கு எண்கள்தான் வேண்டும். முப்பத்தைந்து வயது, வேகமான பேச்சு, நின்றுகொண்டே சாப்பிடுகிறவர். பெரிய தீக்காயத்தோடு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் ரத்தம் எடுத்து, அதிலிருக்கிற சில அளவுகளைச் சேர்த்து, இவர் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறார். நாலு வருஷமாகப் பதிவு நடக்கிறது. "இது ஜோசியம் இல்ல சார். யாரை உடனே டேபிள்ல ஏத்தலாம், யாருக்கு இன்னும் ரெண்டு நாள் பொறுக்கணும்னு தெரியணும்ல? வெளிய தெரியற காயத்தை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது" என்றார்.

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். தீ தோலோடு நிற்பதில்லை. ரத்தக் குழாய்கள் ஓட்டை விழுந்த சாக்கு மாதிரி கசியத் தொடங்கும். ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் வெளியே போய்விடும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறையும். உடம்பின் செல்களுக்கு ஆக்சிஜன் போதாமல் போனால் லேக்டேட் என்கிற ஒன்று ரத்தத்தில் ஏறும். அது இரண்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. நான்கைத் தாண்டினால் கவலை. மூன்றாம் நாள் ரத்தத்தைப் பார்த்துத்தான், வெந்த தோலை அகற்றுகிற முதல் அறுவையை உடம்பு தாங்குமா என்று முடிவு செய்வார்கள்.

இந்த லேக்டேட்டில் ஒரு தொல்லை உண்டு. வெளியே எடுத்த பிறகும் ரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. குழாய்க்குள் இருக்கிற சர்க்கரையைத் தின்றுகொண்டு லேக்டேட்டைப் பெருக்கிக்கொண்டே போகும். அதனால் எடுத்ததும் ஐஸில் வைத்து, கால் மணி நேரத்துக்குள் மெஷினில் போட்டுவிட வேண்டும். சித்திகாவிடம் அதற்கென்று ஒரு டப்பா இருக்கிறது. மகள் மெஹ்னாஸ் எல்.கே.ஜி.க்குச் சாப்பாடு கொண்டுபோனது. மூடியில் ஒரு முயல், அதற்குக் காது மட்டும்தான் பாக்கி. மெஹ்னாஸ் இப்போது பொத்தேரியில் பொறியியல் படிக்கிறாள். டப்பாவில் ஐஸை நிரப்பி, பச்சை மூடிக் குழாயை அதில் செருகி, சித்திகா நடக்கத் தொடங்கினால் வழியில் யாருக்கும் பதில் கிடையாது. வணக்கம் கிடையாது. லிஃப்டுக்கு நிற்பது கிடையாது, படிதான். "டப்பா கைல இருந்தா அக்காவுக்குக் காது கேக்காது" என்பது அந்த மருத்துவமனையில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஒரு தடவை மருத்துவமனையின் தலைவரே எதிரில் வந்து நலம் விசாரித்தாராம். இவர் அவரைத் தூண் மாதிரி சுற்றிக்கொண்டு போய்விட்டு, பத்து நிமிஷம் கழித்து அவர் அறைக்கே போய், "நல்லா கீறேன் சார், நீங்க எப்டி கீறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தாராம்.

வராந்தாவில் உறவினர்கள் அவரை மறிப்பார்கள். பொழைச்சுப்பாங்களா, ரிப்போர்ட்ல என்ன வந்திருக்கு? டப்பா கையில் இல்லாத நேரமாக இருந்தால் நின்று பதில் சொல்வார். "நான் தபால்காரிம்மா. லெட்டரைக் கொண்டாந்து குடுப்பேன், பிரிச்சுப் படிக்கமாட்டேன்." அது உண்மையில்லை. எல்லா எண்ணையும் படிப்பார். படித்துவிட்டு அந்தக் கட்டிலைக் கடக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்வார். அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குப் பத்து நாளில் தெரிந்தது.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் டப்பாவை மறந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஜீவிதாவுக்கு இருபத்தொன்பது வயது. பொத்தேரியில் கல்லூரி மாணவர்களுக்கு இட்லி, தோசை விற்கும் தள்ளுவண்டிக் கடை. கேஸ் குழாயில் கசிவு. இரண்டு கைகள், மார்பு, முதுகு, கழுத்து. உடம்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. முகம் வீங்கி இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு நாளாக முனகலைத் தவிர அவள் வாயிலிருந்து வேறெதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழு பத்துக்கு சித்திகா அவள் புறங்காலிலிருந்து ரத்தம் எடுத்தார். வழக்கம்போல எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் எழுதினார். டப்பா தள்ளுமேஜையில் திறந்து இருந்தது. அப்போது ஜீவிதா பேசினாள்.

"அக்கா. என் பொண்ணு எங்க?"

"நல்லா கீறா கண்ணு."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. கடையில என் பின்னாடிதான் உக்காந்து படம் போட்டுட்டு இருந்தா. நீ பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். சித்திகா கையிலிருந்த குழாயைக் கோட்டின் வலது பைக்குள் போட்டுக்கொண்டு, அவள் காதருகே குனிந்தார்.

"இல்ல. நான் பாக்கல. பாத்துட்டு வந்து சொல்றேன்."

கீழே காத்திருப்போர் கூடத்தில் ஜீவிதாவின் கணவன் சுகுமார் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிக் கேட்டால், குழந்தையைத் தங்கை சாப்பிடக் கூட்டிப் போயிருக்கிறாள் என்றான். எங்கே என்று தெரியவில்லை. சித்திகா வெள்ளைக் கோட்டோடு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டு டிபன் கடைகளில் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதற்கே எட்டு நிமிஷம் ஆனது. எதிர்ப்பக்கத்துக் கடையில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி பொங்கலில் இருந்து மிளகைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். யாழினி. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தீப்பிடித்தபோது தண்ணீர்க் குடம் எடுக்க எதிர்க்கடைக்குப் போயிருந்தாளாம்.

"உங்க அம்மாகிட்ட இன்னா சொல்லட்டும்?" என்று சித்திகா கேட்டார்.

குழந்தை யோசித்தது. "கடை போர்டு எழுத அம்மா என் ஆரஞ்சு க்ரேயானை வாங்கிச்சு. திருப்பித் தரவே இல்ல. அதைக் கேளுங்க."

மேலே வந்து சித்திகா இதை அப்படியே சொன்னார். ஜீவிதா சிரித்தாளா அழுதாளா என்று வீங்கிய முகத்தில் தெரியவில்லை. "அவதான். அவதான் அக்கா" என்றாள். பிறகு அன்று முதல் தடவையாக நர்ஸ் கொடுத்த கஞ்சியை மறுக்காமல் குடித்தாள். எனக்கு அந்தக் காலை ரொம்பப் பிடித்திருந்தது. கையேட்டை விட்டுவிட்டு இதை எழுதலாமா என்றுகூட நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

சித்திகா ஆய்வகத்துக்குத் திரும்பி, பையிலிருந்த குழாயை மற்றக் குழாய்களோடு வரிசையில் வைத்து மெஷினில் போட்டார். அப்போது மணி எட்டு ஐந்து. லேக்டேட் ஆறு புள்ளி இரண்டு என்று வந்தது. "பாத்தேன் சார். மனசு ‘அடப்பாவமே’ன்னுச்சு. கையி அடுத்த டியூபை எடுத்துடுச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். அன்றைக்கு வரிசையில் நாற்பது குழாய்கள் இருந்தன.

மதியம் பன்னிரண்டரைக்கு வராந்தாவில் சுகுமார் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் பெரியப்பா, இன்னும் இரண்டு பேர். கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. அடுத்த வேளை ரத்தம் எடுப்பதற்காக வந்த சித்திகா வெந்நீர்க் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனைக் கடந்து போனவர், திரும்பினார்.

"இன்னா தம்பி பேப்பர் இது?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்க்கா. நாளைக்கு ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க. ரத்தத்துல ஏதோ ஆறுக்கு மேல வந்துடுச்சாம், உடம்பு தாங்காதாம். போறதுன்னா வீட்டுலயே போகட்டும்னு பெரியப்பா சொல்றாரு."

"எங்களுக்கு மட்டும் ஆசையா இன்னா?" என்றார் பெரியப்பா. "கடைசியா அந்தக் கொழந்த அவ மூஞ்சியப் பாக்கட்டும்."

"ஆறா?" என்றார் சித்திகா. "காலு சூடா இருந்துச்சே."

அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை; தனக்குத்தானே சொன்னார். பிறகு அவருடைய வலது கை கோட்டின் வலது பைக்குப் போனது. பை காலியாகத்தான் இருந்தது. வெந்நீர்க் கை நழுவித் தரையில் விழுந்து, உடையாமல் உருண்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் எனக்கும் புரிந்தது. ஏழு பத்திலிருந்து எட்டு ஐந்து வரை அந்தக் குழாய் ஐஸ் இல்லாமல், ஒரு மனுஷியின் உடம்புச் சூட்டில், தாம்பரத்து வெயிலில் சாலையைக் கடந்து போய் வந்திருக்கிறது. அது பைக்குள் விழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன்.

"கையெழுத்துப் போடாத" என்றார் சுகுமாரிடம். "அரை மணி நேரம் குடு. தப்பு என்னுது. போடாத."

இந்த வாக்கியத்தின் விலை எனக்கு அப்போது தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் லேபிள் மாற்றி ஒட்டிய ஓர் இளம் டெக்னீஷியனை அந்த ஆய்வகம் வேலையைவிட்டு அனுப்பியது. அதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தவர் சித்திகாதான். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்மேல் ஒரு மெமோ கிடையாது. அடுத்த வாரம் ஆய்வகத்தின் தரச் சான்றிதழைப் புதுப்பிக்க வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மெஹ்னாஸுக்கு இன்னும் மூன்று வருஷப் படிப்பு பாக்கி.

மருத்துவர் அறையில் நின்றுகொண்டே ஒரு சீட்டை மேஜையில் வைத்தார். "எடுத்தது ஏழு பத்து டாக்டர். மிசின்ல போட்டது எட்டு அஞ்சு. ஐஸ் இல்ல. என் பாக்கெட்ல இருந்துச்சு. அந்த ஆறு ஜீவிதாது இல்ல. என் பாக்கெட்டுது."

தேவதர்ஷினி சீட்டைப் பார்த்தார். சித்திகாவைப் பார்த்தார். "நீங்களாக்கா?" என்றார். அதில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. பிறகு கோபமும் வந்தது. "அந்த நம்பரை வச்சு அவங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்லிட்டு வந்திருக்கேன் தெரியுமா? எழுதிக் குடுங்க. எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. அதுக்கு முன்னாடி போய் ரத்தம் எடுங்க."

போனார். எங்கே? கஞ்சி மேடைக்கு. கெட்டிலை மறுபடி போட்டுவிட்டு, தரையிலிருந்து பொறுக்கி வந்த கையுறையை அவிழ்த்து, ஆறிப்போன நீரைக் கொட்டி, புதிதாக நிரப்பி, முடிச்சுப் போட்டு, சுவரில் சாய்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே ஆம்புலன்ஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், பெரியப்பா பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறார், இங்கே என்ன வெந்நீர் வேண்டியிருக்கிறது என்று கேட்டேவிட்டேன்.

"கை நடுங்குது சார்" என்றார் கண்ணைத் திறக்காமல். "இதோட போனா இன்னொரு தப்பு."

ஐந்து நிமிஷம் முழுதாக நின்றார். பிறகு உள்ளே போய், கை கழுவி, புதுக் கையுறை போட்டு, ஜீவிதாவின் பாதத்தில் கையை வைத்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. ஒரே குத்து. பச்சை மூடி. டப்பா. நடந்தார். சுகுமார் "அக்கா, என்னாச்சுக்கா?" என்று கூடவே ஓடினான். பதில் இல்லை. பெரியப்பா வழியை மறித்தார், சுற்றிக்கொண்டு போனார். தேவதர்ஷினி தன் அறை வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டார். அவருக்கும் பதில் இல்லை. இரண்டு மாடி இறங்கி, தாழ்வாரம் கடந்து, மெஷினுக்கு முன்னால் நின்றபோது எடுத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நின்றேன். அவர் முதுகு எதையும் காட்டவில்லை.

இரண்டு புள்ளி எட்டு.

தேவதர்ஷினி சுகுமாரை உட்கார வைத்துச் சொன்னதை அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன். "காலைல உங்ககிட்ட சொன்ன நம்பர் தப்பு. தப்பு எங்களோடது. இப்ப வந்திருக்கறதும் ரொம்ப நல்ல நம்பர்னு சொல்ல மாட்டேன். மத்த ரெண்டும், ஆல்புமினும் தட்டணுவும், குறைஞ்சுதான் இருக்கு. பொழைப்பாங்களான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா நாளைக்கு ஆபரேஷன் பண்ணலாம். பண்ணிப் பாக்க இடம் இருக்கு." சுகுமார் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கிழிக்கவில்லை. பெரியப்பா கீழே போய் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு வந்தார்.

சாயங்காலம் கேட்டேன். சந்தேகமாக இருக்கிறது, இன்னொரு தடவை எடுக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போகிறது?

"அப்டிச் சொல்லிருந்தா டாக்டர் கைல ரெண்டு நம்பர் இருக்கும். ஒண்ணு ஆறு, ஒண்ணு ரெண்டே முக்கா சொச்சம். எதை நம்பறதுன்னு அந்தம்மா பேஜாராயிடுவாங்க. மொதோ நம்பர் செத்தாத்தானே சார் ரெண்டாவதுக்கு உசுரு வரும்? அதைச் சாகடிக்க நான்தானே சொல்லணும்." பிறகு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று தந்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணு கேட்டப்ப போய்ப் பாத்தது தப்பு இல்ல சார். டியூபை கிறிஸ்டினா கைல குடுத்துட்டுப் போயிருக்கணும். அவ்ளோதான்."

மெமோ வந்தது. ஒரு மாதத்துக்கு வார்டுக்குப் போகக் கூடாது. கவுன்ட்டரில் உட்கார்ந்து லேபிள் ஒட்ட வேண்டும். தரச் சான்றிதழுக்கு வந்தவர்கள் அவர் எழுதிக் கொடுத்ததை முழுதும் படித்துவிட்டு, இதுபோல் மற்றவர்களும் எழுதுகிறார்களா என்று கேட்டார்களாம். மெமோவின் நகலை சித்திகா தன் அலமாரிக் கதவின் உள்பக்கம், குடும்பப் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அதற்காகத் தன்னை நொந்துகொண்டதாகவும் தெரியவில்லை, பெருமைப்பட்டதாகவும் தெரியவில்லை. கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு மாதம் ஜீவிதாவுக்கு நாலு அறுவை நடந்தது. இரண்டாவதுக்குப் பிறகு கிருமி தொற்றி ஐந்து நாள் கைவிட்ட மாதிரிதான் இருந்தது. சித்திகா வார்டுக்குள் போக முடியாது. ரத்தம் எடுக்க வேறொருவர் போனார். மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. எண்கள் எல்லாம் கவுன்ட்டர் வழியாகத்தான் போயின. எல்லாவற்றையும் சித்திகா படித்திருப்பார். ஆனாலும் தினமும் காலையில் கிறிஸ்டினாவுக்கு போன் போட்டு ஒன்றைத்தான் கேட்பார். "கையைச் சூடு பண்ணிகினியா? காலு எப்டி கீது?" கையேட்டு வேலையாக நான் மறுபடி வந்துபோன அந்த ஐந்து நாளும் கிறிஸ்டினா கெட்டிலருகே வெந்நீர்க் கையோடு நின்றதைப் பார்த்தேன். ஆறாம் நாள், "சூடா இருக்குக்கா" என்று போனில் சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதாள்.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம் ஆகிறது. கையேடு அச்சாகி வந்ததும் பிரதிகளைக் கொடுப்பதற்காகப் போன வாரம் மருத்துவமனைக்குப் போனேன். புறநோயாளிகள் கூடத்தில் ஒரு பெண், தழும்பு தடிக்காமல் இருக்கக் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை தோல் நிறத்தில் இறுக்கமான உறை அணிந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சிறுமி படம் போட்டுக்கொண்டிருந்தாள். வராந்தாவின் கோடியிலிருந்து சித்திகா வந்தார். அந்தப் பெண் நிமிர்ந்து, "அக்கா!" என்றாள். சித்திகா அவளைச் சுற்றிக்கொண்டு நேரே போய்விட்டார். அவள் முகம் வாடிவிட்டது.

"கையில் டப்பா" என்றேன். "பத்து நிமிஷம் பொறும்மா. வருவாங்க."

எட்டு நிமிஷத்தில் வந்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "என்னைத் தெரியலையாக்கா?" என்று கேட்டாள். சித்திகா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். தப்புச் செய்தவர் மாதிரி தலையை ஆட்டினார். "மன்னிச்சுக்கோ கண்ணு, மூஞ்சி எனக்கு..." என்று இழுத்தவர், மடியில் இருந்த சிறுமியின் விரலிடுக்கில் ஆரஞ்சு க்ரேயானைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்தார், ஊதினார், போதவில்லை போலும், அக்குளில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கூடத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஜீவிதா செருப்பைக் கழற்றினாள். சித்திகா கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு, அந்தப் பாதத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.